மிதிபடும் இடத்தில் ஒரு விளக்கு

பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தவுடன் காலடியில் நீல ஒளியில் ஒரு பெயர் மின்னுவதைக் காணும் படித்தவர்கள் பெரும்பாலும் புன்னகைத்துவிட்டுக் கடந்துபோவார்கள். அந்தப் புன்னகையில் சற்று ஏளனமும் இருக்கும். கடன் தவணை முடியாத வண்டிக்கு அலங்கார விளக்கு எதற்கு என்பது அதன் பொருள். வண்டிக்காரர்கள் அந்த ஏளனத்தை அறிவார்கள்; அதற்கு அவர்கள் விடை சொல்வதில்லை. கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் இடத்தில் ஒட்டப்படும் அந்த ஒளிரும் தகட்டுக்குக் கடைகளில் ‘சில் பிளேட்’ என்று பெயர். வாகனப் பொறியியல் அதைக் கீறல் தடுப்புத் தகடு என்ற அளவில்தான் மதிக்கிறது. ஆனால் தமிழில் அந்த இடத்துக்கு வேறொரு பழைய பெயர் உண்டு: வாயிற்படி.

மேற்கு ராஜஸ்தானில் பொலேரோ கேம்பர் வெறும் சரக்கு வண்டி அன்று. நான்கு கதவுகள், ஐவர் அமரும் இருக்கைகள், பின்னால் திறந்த சரக்குத் தட்டு. பகலில் தீவன மூட்டையும் ஆடுகளும் ஏறும் அதே வண்டியில்தான் கல்யாண ஊர்வலமும் போகும். பிரசவ வலி கண்ட பெண்ணும் போவாள். ஆகவே அதன் வாசல் ஏறக்குறைய வீட்டு வாசலாகவே கருதப்படுகிறது. மாலையும் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் வாசலுக்கு ஒரு விளக்கும் வேண்டும் என்று தோன்றுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சிரோஹி மாவட்டத்துப் பிண்ட்வாடாவில் அப்படி ஒரு கேம்பர் ஓடுகிறது. இந்தக் குறிப்பு அந்த வண்டியின் வாசலைப் பற்றியது.

பிண்ட்வாடா கல் செதுக்கும் ஊர். தேசிய நெடுஞ்சாலை 27உம் 62உம் சந்திக்கும் அவ்விடத்தைச் சுற்றிலும் கற்பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. பரத்பூர்ப் பக்கத்துப் பன்சி பஹார்பூரின் இளஞ்சிவப்பு மணற்கல் இங்கே வந்து இறங்குகிறது. தூணாகவும் தோரணமாகவும் போதிகையாகவும் மாறி, எண்ணிடப்பட்டு, இந்தியாவின் பல ஊர்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் கோயில்களாகப் பிரிந்து செல்கிறது. அதே மாவட்டத்தில், அபு மலையின் மேல், தில்வாடா சமணக் கோயில்கள் இருக்கின்றன. 1031இல் எழுந்த விமல் வசஹியும் 1230இல் எழுந்த லூண வசஹியும் பளிங்கைப் பூவிதழின் மென்மைக்கு இழைத்தவை. அந்தச் சிற்பிகளுக்கு அவர்கள் செதுக்கி உதிர்த்த தூளை எடைபோட்டுக் கூலி கொடுத்தார்கள் என்று ஒரு கதை அங்கே வழங்கிவருகிறது. எவ்வளவு தூள் உதிர்கிறதோ அவ்வளவு பொன். கதை உண்மையோ இல்லையோ, தூளுக்கு மதிப்பிருந்த ஒரு காலத்தை அது கற்பனை செய்கிறது.

இன்றைய தூளின் கதை வேறு. மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது படிக சிலிக்கா. உளியும் சுத்தியலும் மட்டும் இருந்த காலத்தில் சில்லுகளாகத் தெறித்த கல், மின்சாரக் கட்டர்கள் வந்தபின் புகையாக எழுகிறது. அந்தத் தூசியில் 10 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நிறைய. முகத்தில் கட்டிய துண்டு அவற்றைத் தடுப்பதில்லை. அவை நுரையீரலின் காற்றறைகள் வரை போய்த் தங்குகின்றன. தங்கிய இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்பு வளர்ந்து மூச்சுக்கான இடத்தைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொள்கிறது. சிலிகோசிஸ் என்ற இந்நோய்க்கு மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளர்வதுண்டு. காசநோய் அதன்மேல் எளிதில் வந்து குடியேறும். வெட்டும்போது கல்லின்மேல் நீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசி பெருமளவு அடங்கிவிடும். இது எல்லாரும் அறிந்த செய்தி; ஆனால் நுண்வேலையில் நீர் ஓடினால் வரைந்த கோடு தெரியாது, வேலை மெதுவாகும். கூலியோ வேலையின் அளவுக்கு.

ராஜஸ்தான் அரசு 2019இல் இந்நோய்க்கெனத் தனிக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அதன்படி, நோய் உறுதியாகிச் சான்றிதழ் பெறுபவருக்கு 3 லட்சம் ரூபாய். அவர் இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம். தில்வாடாக் கதையில் கல்லை விட்டு உதிர்ந்த தூளுக்கு விலை இருந்தது. இப்போது நெஞ்சுக்குள் தங்கிய தூளுக்கு விலை இருக்கிறது.

அந்தக் கேம்பரின் சொந்தக்காரனுக்கு இருபத்தாறு வயது. அவனுடைய தந்தை இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பட்டறைகளில் இருந்தவர். கொடிக்கருக்கு, மயில், யாளி எல்லாம் செய்யத் தெரிந்தவர் என்றாலும், கடைசி ஆண்டுகளில் அவருக்குத் தரப்பட்ட வேலை எழுத்து வெட்டுவது. கோயிலுக்குப் பொருள் தந்தவர்களின் பெயர்களைக் கற்பலகைகளில் பொறிப்பார். இன்னாரின் புண்ணிய நினைவாக இன்னாரின் மக்கள் தந்தது என்ற வாசகம். அவற்றுள் சில சுவரில் பதியும். சில தரையிலும் படியிலும் பதியும். வட இந்தியக் கோயில்களின் பளிங்குப் படிகளில் ஏறியவர்கள் அத்தகைய பெயர்களின் மேல் கால்வைத்தே ஏறியிருப்பார்கள். அடியார்களின் பாதம் தம் பெயர்மேல் பட வேண்டும் என்று விரும்பித் தருபவர்கள் அவர்கள். வைணவக் கோயில்களில் கருவறைக்கு முன்னுள்ள படியைக் குலசேகரன் படி என்று சொல்லும் தமிழ் வாசகருக்கு இந்த விருப்பம் புதிதன்று. படியாய்க் கிடப்பதைப் பேறாகக் கேட்ட சேர அரசரின் பெயர் அது.

பிறர் பெயரைப் பொறித்த அந்த மனிதர் தன் பெயரை எங்கும் பொறித்ததில்லை. கல்வேலையில் அந்த வழக்கமில்லை. அவர் பெயர் எழுத்தில் இருந்த இடங்கள் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, பிறகு சிலிகோசிஸ் சான்றிதழ்.

முதல் 3 லட்சத்தில் பெரும்பகுதி மருந்துக்கும் பழைய கடனுக்கும் போயிற்று. அவர் இறந்தபின் வந்த 2 லட்சத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, மகன் வண்டி எடுத்தான். பட்டறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று அவன் தந்தைக்கு வாக்களித்திருந்தான். வாக்கைக் காப்பாற்றினான். ஆனால் அந்த ஊரில் ஓட்டுவதற்கு இருந்த சவாரி, விடியுமுன் ஊர்களிலிருந்து ஆட்களை ஏற்றிப் பட்டறை வாசலில் இறக்குவதுதான்.

வண்டி வந்து சில மாதங்களில் அவன் ஒளிரும் படித்தகடுகளுக்குச் சொல்லிவைத்தான். நான்கு கதவுகளுக்கு நான்கு தகடுகள். முன்னிரண்டில் தேவநாகரியில் தந்தையின் பெயர். பின்னிரண்டில் நீளவாக்கில் ஒற்றைக் கோடு மட்டும்.

இவ்வகைத் தகட்டின் உள்வேலை எளிமையானது, அழகானதும்கூட. அக்ரிலிக் பலகையின் ஓரத்தில் எல்இடி வரிசை இருக்கும். ஓரத்தின் வழியே நுழையும் ஒளி பலகைக்குள்ளேயே மேலும் கீழும் பட்டுப் பட்டுத் திரும்பிக்கொண்டு போகும். வழவழப்பான பரப்பின் வழியே அதனால் வெளியேற முடியாது. எங்கே பரப்பு கீறப்பட்டிருக்கிறதோ அங்கே மட்டும் ஒளி சிதறி வெளியே வரும். எழுத்து ஒளிர்வதாக நமக்குத் தோன்றுவது உண்மையில் கீறல் ஒளிர்வதுதான்.

தகடுகளைப் பொருத்த அவன் சிரோஹி நகரத்துக்கு ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சென்றான். அன்று வண்டியில் இன்னும் இருவர் இருந்தனர். ஒருவர் அவனுடைய தாய். வங்கியில் அவருக்கு வேலை இருந்தது. மற்றவர் தந்தையின் தம்பி, அவன் காகா. அவரும் பட்டறைக்காரர்தான். மார்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு, பழுப்பு உறையை மடியில் வைத்தபடி கடை நிழலில் அமர்ந்திருந்தார். மருத்துவர் குழு அதைப் பார்த்து என்ன சொல்லும் என்பது அன்று தெரிந்திருக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் முதலில் தகடுகளைத் தொடவில்லை. மல்டிமீட்டரை எடுத்துக் கூரை விளக்கின் இணைப்பைப் பார்த்தார். பல வண்டிகளில் கூரை விளக்குக்கு நேர்மின் கம்பி எப்போதும் உயிருடன் இருக்கும். கதவு திறக்கும்போது நிலையிலுள்ள பொத்தான் வெளிவந்து எர்த்தைச் சேர்த்துச் சுற்றை முடிக்கும். படித்தகட்டையும் அதற்கு இணையாகச் சேர்த்தால் கதவோடு அதுவும் எரியும், கதவோடு அணையும். புதிய வண்டிகளில் அந்தப் பொத்தான் ஒரு சிறு கணினிக்குச் செய்தி மட்டுமே அனுப்பும். அதன் கம்பியிலிருந்து விளக்குக்கு மின்சாரம் இழுத்தால் கணினி குழம்பும். அப்படியானால் இடையில் ஒரு ரிலே வேண்டும். எது என்று பாராமல் கம்பியைக் கடித்து முறுக்கி டேப் சுற்றுகிறவர்களிடம்தான் வண்டி பற்றி எரிவது தொடங்குகிறது என்று அவர் சொன்னார்.

தகடு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு வாட். நான்கும் சேர்ந்து 12 வோல்ட்டில் ஆம்பியரில் மூன்றிலொரு பங்குதான் இழுக்கும். பழைய கூரை விளக்கின் இழைக் குமிழ் ஒன்றே 5 அல்லது 10 வாட் தின்றது. எனினும் பேட்டரியிலிருந்து வரும் வழியில் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை அவர் வைத்தார். விளக்கு சிறியதாக இருந்தாலும், கம்பி உரசித் தோல் போய் உடலைத் தொட்டால் பேட்டரி தன் முழு பலத்தையும் அங்கே கொட்டும். அதைத் தடுப்பது அந்த மெல்லிய இழை. படிக்கட்டை மூடிய பிளாஸ்டிக்கைக் கழற்றி, கம்பியைக் கம்பளத்துக்கு அடியில் கொண்டுபோனார். மஞ்சள் உறையிட்ட கம்பி தென்பட்டால் அதன் பக்கமே போகக்கூடாது, அது ஏர்பேக்குக்கு உரியது என்று தன் உதவியாளனுக்கு உரக்கச் சொன்னார். இணைப்புகளைப் பற்றவைத்து, மேலே சுருங்கு குழாய் ஏற்றிச் சூடு காட்டினார். உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், பதிவுச் சான்றிலுள்ள உற்பத்தியாளரின் விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது முதல் வாடிக்கையாளர்கள் எதற்கும் அஞ்சிக் கேட்கிறார்களாம். கதவுக்கு உள்ளே காலடியில் எரியும் விளக்கு அந்த விவரம் எதையும் தொடுவதில்லை என்பது அவர் தரும் விடை.

பிறகு படியை ஸ்பிரிட்டால் துடைத்தார். ஒட்டுவதற்கு முன் தகட்டை இணைத்து எரியவிட்டுக் காட்டினார். பகல் வெளிச்சத்திலும் பெயர் தெளிவாகத் தெரிந்தது.

காகா எழுந்து வந்தது அப்போதுதான்.

“இதை எங்கே ஒட்டப்போகிறாய்?”

மகன் படியைக் காட்டினான்.

“உன் பாபூஜியின் பெயரை மிதித்துக்கொண்டா ஏறுவாய்?”

அவனிடம் விடை ஆயத்தமாக இருந்தது. “பாபூஜி படியில் எத்தனை பேரின் பெயர் வெட்டினார், காகா? அவர்களெல்லாம் பணம் கொடுத்து, மிதிக்கச் சொல்லிக் கேட்டவர்கள். பெரிய பெரிய சேட்டுகள். அவர்கள் பெயருக்குக் கிடைத்த இடம் இவர் பெயருக்குக் கிடைக்கக்கூடாதா?”

காகா உடனே பேசவில்லை. பேச முயலும்போது வரும் இருமல் அடங்கும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின் சொன்னார்: “கோயில் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார்கள், பேட்டா.”

இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் நுட்பத்தை மானிடவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்க முயன்றிருக்கின்றன. மிதிபடுவது தானே இழிவன்று. எந்தக் கால், எந்த நிலையில், எதை நோக்கிப் போகும்போது மிதிக்கிறது என்பதில் இருக்கிறது இழிவும் பேறும். வெறுங்காலோடு, தன்னைவிடப் பெரிய ஒன்றை நோக்கிப் போகிறவனின் பாதம் பட்டால் பெயர் தூய்மையடைகிறது. வேலைக்குப் போகிற அவசரத்தில் சேறு அப்பிய செருப்பு பட்டால் அதே பெயர் கெடுகிறது. இதில் இன்னொரு கசப்பும் உண்டு. மிதிபடுவதைப் பேறாகத் தேர்ந்தெடுக்க, முதலில் மிதிபடாத வாழ்வு வாய்த்திருக்க வேண்டும். சேட்டின் பெயர் படிக்கு இறங்குவது பணிவு. பிண்ட்வாடாப் பட்டறைகளின் தொழிலாளர் பெரும்பாலும் ஆதிவாசி, தலித் குடும்பங்களிலிருந்து வருபவர்கள். அவர்களுள் ஒருவரின் பெயர் படிக்கு வந்தால் அதைப் பணிவு என்று எவரும் படிக்க மாட்டார்கள். அது எப்போதும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது என்று எண்ணுவார்கள். மகன் சமத்துவம் கேட்டான். காகாவின் அச்சம் அந்தச் சமத்துவம் எங்கே போய் முடியும் என்பதைப் பற்றியது. இருவரும் ஒரே மனிதரின் மரியாதைக்காகத்தான் நின்றார்கள்.

எலக்ட்ரீஷியன் கையில் தகட்டோடு காத்திருந்தார். இந்த ஒட்டுநாடா ஒருமுறை பிடித்தால் பெயர்க்கும்போது தகடு உடையும், ஆகையால் இப்போதே முடிவு சொல்லுங்கள் என்றார்.

தாய் அதுவரை பேசவில்லை. அவர் கேட்டது தகட்டின் பெயரைப் பற்றி அன்று. “விடியுமுன் கதவைத் திறந்தால் இது எரியுமா?”

எரியும் என்றார் எலக்ட்ரீஷியன்.

“எனக்குப் படிக்கத் தெரியாது. பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். வெளிச்சம் இருந்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியும். இந்தப் படி உயரமாக இருக்கிறது.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. மகன் சிறிது நேரம் நின்றான். பிறகு முன்கதவுகளுக்கும் கோடு மட்டும் உள்ள தகடு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டான். இருந்தது.

சமஸ்கிருதத்தில் தேகலீ தீப நியாயம் என்று ஒன்று உண்டு. தேகலீ என்றால் வாயிற்படி. இந்தியில் இன்றும் அதை தெஹ்லி என்றே சொல்கிறார்கள். படியில் வைத்த விளக்கு வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருங்கே ஒளி தருவதுபோல, நடுவில் நின்ற ஒரு சொல் முன்னும் பின்னும் பொருள் தருவதைக் குறிக்க உரையாசிரியர்கள் அதைக் கையாண்டார்கள். தண்டியலங்காரம் தீவகம் என்ற பெயரில் வகுத்த அணிக்கும் விளக்கே உவமை; ஓரிடத்தில் நின்ற சொல் பல இடங்களிலும் சென்று பொருந்துவது அதன் இலக்கணம். இலக்கணக்காரர்கள் படிவிளக்கை உவமைக்காக எடுத்துக்கொண்டபோது அதன் நேர்ப்பொருள் எல்லாரும் அறிந்ததாக இருந்தது. படியில் தடுக்கி விழாமலிருக்க விளக்கு வேண்டும். அந்தத் தாய் சொன்னது உவமை பிறப்பதற்கு முன்பிருந்த பொருளை.

பெயர் பொறித்த தகடுகள் இரண்டும் வீட்டுக்குப் போயின. ஒன்று இப்போது வாசல் நிலையின் மேல், தலைக்கு மேலே பதிந்திருக்கிறது. அதற்கு மின் இணைப்பு இல்லை. மாலையில் வெயில் சாய்ந்து விழும்போது கீறல்கள் மட்டும் வெளுத்துத் தெரியும். மற்றொன்றை அவன் அம்மா துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறார்.

வண்டி நாள்தோறும் விடியுமுன் கிளம்புகிறது. ஒவ்வோர் ஊரிலும் கதவு திறக்கும்போது தரையருகே ஒரு வெள்ளைக் கோடு எரிகிறது; ஆட்கள் அதைப் பார்த்துக் கால் வைத்து ஏறுகிறார்கள். அவர்களுள் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளும் உண்டு. மாலையில் அவர்கள் திரும்பும்போது தகட்டின்மேல் செருப்புகளின் கல்தூசி படிகிறது. நாள் முழுதும் பட்டறையில் கண்ணுக்குப் படாமல் மிதந்தது, அங்கே கீழிருந்து ஒளி படும்போது தெரிகிறது. கோட்டின்மேல் மெல்லிய இளஞ்சிவப்புப் படலம். ஒளியே சற்று நிறம் மாறியதுபோல் இருக்கும்.

எல்லாரையும் இறக்கிவிட்டு வந்தபின் அவன் நான்கு படிகளையும் துடைக்கிறான். துணியை முதலில் நனைத்துப் பிழிந்துகொள்கிறான். உலர்ந்த துணியால் தட்டினால் தூசி எழும் என்பதை அவனுக்கு மருத்துவமனையில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், தந்தையின் படுக்கையருகே. பட்டறையிலும் அவ்வாறே செய்யலாம், நீர் விட்டு வெட்டலாம் என்று வண்டியில் ஏறும் பிள்ளைகளிடம் அவன் சொல்லத் தொடங்கியிருக்கிறான். சிலர் கேட்கிறார்கள். கோடு தெரியாது என்கிறார்கள் சிலர்.